குடும்பத்தார் முடியில் பூ வளையம்: விக்டோரிய காலக் கைவினையைச் செய்யவும் காக்கவும் முழு வழிகாட்டி

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல வீட்டு முன்னறைச் சுவர்களில், ஆழமான கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மலர் வளையம் மாட்டியிருக்கும். ரோஜா, மறக்காதே மலர் (ஆங்கிலத்தில் ஃபர்கெட்-மி-நாட்), இலை, கொடிச்சுருள் எல்லாம் அதில் இருக்கும். நிறம் மட்டும் கறுப்பு, பழுப்பு, செம்பட்டை, வெளுப்பு என்று முடியின் நிறங்களே. மெல்லிய கம்பியில் குடும்பத்தார் தலைமுடியைக் கண்ணி கண்ணியாகச் சுற்றி, அந்தக் கண்ணிச்சரங்களை இதழாக வளைத்துச் செய்தவை அவை.

இறந்தவர் நினைவாகத்தான் இதைச் செய்தார்கள் என்பது பாதி உண்மை. 1861 டிசம்பர் 14-இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின், 1901-இல் தன் மறைவு வரை விக்டோரியா மகாராணி துக்க உடையை விடவில்லை. அதே 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர் வீட்டுக்கு வீடு இழப்பைக் கொண்டுவந்தது. இந்த வழக்கம் பெருக இரண்டும் காரணம். ஆனால் உயிரோடு இருப்பவர்களும் முடி கொடுத்தார்கள். தோழிகள், மணமக்கள், ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் என்று பலர் கொடுத்த முடியில் செய்த வளையங்கள் உண்டு. ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறை முடி ஒரே பெட்டியில் இருந்தால் அது உண்மையில் ஒரு வம்சாவளிப் பட்டியல். அதனால்தான் எந்தப் பூ யாருடையது என்ற குறிப்பு இல்லாத வளையம், எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதி தொலைந்துபோனதுதான். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் குறிப்பை வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

மூன்று முறைகள், எது எதற்கு

முதலாவது மேஜைப் பின்னல். நடுவில் ஓட்டை உள்ள வட்ட மேஜையில், ஒவ்வொரு முடி இழையின் நுனியிலும் சிறு ஈயக் குண்டு கட்டித் தொங்கவிட்டு, நடுவே எதிர் எடை வைத்துப் பின்னுவார்கள். கடிகாரச் சங்கிலி, கைவளை, காதணி எல்லாம் இப்படி வந்தவை. பின்னி முடித்ததும் உள்ளே இருக்கும் அச்சுக்கம்பியோடு சேர்த்துச் சுமார் 10 நிமிடம் கொதிக்க வைத்து, சூட்டில் உலர்த்தினால் அந்த வடிவம் நின்றுவிடும். ஸ்வீடனில் டலார்னா பகுதியின் வோம்ஹூஸ் ஊர்ப் பெண்கள் இந்த வேலையோடு ஐரோப்பா எங்கும் போய்ச் சம்பாதித்தார்கள். அங்கே இந்தக் கலை இன்னும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது தட்டைவேலை. முடியைப் பசையால் தாளில் படிய ஒட்டி, காய்ந்தபின் இலையாகவும் இறகாகவும் வெட்டிப் பதக்கத்தில் பதிப்பது. மூன்றாவது கம்பிக் கண்ணி வேலை. ஆங்கிலத்தில் கிம்ப் என்பார்கள். வளையங்கள் இதில்தான் செய்யப்படுகின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுவே ஏற்றது, ஏனெனில் தனி மேஜை வேண்டாம், ஒரு இதழ் கெட்டால் அந்த இதழை மட்டும் தூக்கிப் போட்டுவிடலாம்.

என்னென்ன வேண்டும்

கம்பி 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் தடிமன், மிருதுவானது. கைவினைக் கடைகளில் பூச்சுப் பூசிய பித்தளை அல்லது செம்புக் கம்பி கிடைக்கும். பூச்சு இல்லாத செம்பு வேண்டாம், காலப்போக்கில் பச்சைக் களிம்பு ஏறி முடியிலும் கறை இறங்கும். வெறும் இரும்புக் கம்பி துருப்பிடித்து முறியும். பழைய வளையங்களில் பூ உதிர்வதற்கு அடிக்கடி காணும் காரணம் அதுதான்.

ஸ்வெட்டர் பின்னும் ஊசிகள் 2, 3, 4 மில்லிமீட்டர் தடிமனில் ஒவ்வொன்று. ஊசியின் பருமனே கண்ணியின் உயரத்தை முடிவு செய்கிறது. இவற்றோடு கூர்மையான சிறு கத்தரிக்கோல், நோஸ் பிளேயர், சாமணம், பூத்தண்டில் சுற்ற எம்பிராய்டரி பட்டு நூல், பூ நடுவுக்குச் சிறு பாசிமணிகள், வளையத்தின் எலும்பாக 1.2 முதல் 1.6 மில்லிமீட்டர் தடிமனான கம்பி, அமிலமில்லாத அட்டை, கடைசியில் 6 முதல் 8 சென்டிமீட்டர் ஆழமுள்ள கண்ணாடிப் பெட்டி. முடி வேலைக்கு வெள்ளைத் துணியும் கறுப்புத் துணியும் ஒவ்வொன்று எடுத்து வையுங்கள். கறுத்த முடியை வெள்ளையிலும் நரைத்ததைக் கறுப்பிலும் பரப்பினால்தான் எண்ண முடியும்.

முடியைத் தேர்ந்தெடுப்பதும் சுத்தம் செய்வதும்

20 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் இருந்தால் வேலை இலகு, 30 இருந்தால் இன்னும் நல்லது. வெட்டுவதற்கு முன்னால் அடிப்பக்கத்தை நூலால் இறுகக் கட்டிவிட்டு, கட்டுக்கு மேலே வெட்டுங்கள். அடியும் நுனியும் கலந்துவிடக் கூடாது. முடியின் மேற்தோலில் மீன் செதில் போன்ற அடுக்குகள் நுனியை நோக்கி இருக்கின்றன. எதிரும் புதிருமாகப் போட்டால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுச் சிக்கும். சவுரி கட்டுகிறவர்கள் அடி நுனி மாறாமல் பார்ப்பதற்கும் இதே காரணம்.

சீப்பில் வந்த முடிக்கு இந்தச் சிக்கல் உண்டு. விக்டோரிய காலப் பெண்கள் அலங்கார மேஜையில் மூடியில் ஓட்டை போட்ட பீங்கான் சிமிழ் வைத்து, சீப்பில் சிக்கிய முடியைச் சேர்த்தார்கள். அது கொண்டைக்குள் வைக்கும் பந்துக்கு ஏற்றது, பூவுக்கு அப்படியே ஆகாது. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு முடியாகத் திசை பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முடியை நீளவாக்கில் வைத்து, விரல்களை முன்னும் பின்னும் உருட்டினால் அது ஒரு பக்கமாக நகரும். நகரும் பக்கம்தான் அடி. பொறுமை வேண்டும், ஆனால் இறந்த ஒருவரின் சீப்பு மட்டுமே மிச்சம் என்றால் செய்ய வேண்டிய வேலைதான்.

அக்காலக் கைநூல்கள் சோடா கலந்த நீரில் கொதிக்க வைக்கச் சொல்லும். அன்று தலையில் பூசிய களிம்பு போக அது தேவைப்பட்டது. இன்று மிதமான ஷாம்பூவில் ஊற வைத்து அலசினால் போதும். தேங்காய் எண்ணெய் பழகிய முடியானால் இருமுறை அலசுங்கள். எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் கண்ணி கம்பிக்குள் பிடிக்காமல் வழுக்கும், பல ஆண்டு கழித்துப் பூச்சியையும் இழுக்கும். கண்டிஷனர் போடாதீர்கள், அதுவும் வழுக்கல்தான். அலசியபின் அடியைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டுக் காய வையுங்கள். சுருட்டை முடியானால் ஈரத்தோடு நேராக நீவி, நுனியில் லேசான எடை கட்டிக் காய வைத்தால் படிந்துவரும்.

யாருடைய முடி என்ற சீட்டை இந்தக் கட்டத்திலேயே கட்டுங்கள். பெயர், உறவு, வெட்டிய தேதி, அப்போது வயது ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் மை மங்கிவிடும், பென்சில் கரி மங்காது. இரண்டு பேர் முடி ஒரே நிறத்தில் இருந்து, சீட்டு இல்லாமல் ஒரே மேஜையில் கிடந்தால் பிறகு பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

கண்ணிச்சரம் சுற்றுதல்

முழு வேலையின் உயிர் இதில் இருக்கிறது. முதலில் 20 முடி எண்ணி ஓர் இழையாக எடுங்கள். தடித்த கறுப்பு முடியானால் 15 போதும், மெல்லிய முடியானால் 25 முதல் 30 வரை வேண்டும். எண்ணாமல் கண் மதிப்பில் எடுத்தால் ஒரு இதழ் கொழுத்தும் அடுத்தது மெலிந்தும் நிற்கும். விரல் நுனியில் தண்ணீர் தொட்டு இழையை நீவி ஒன்றுசேருங்கள். ஈரம் அவ்வளவுதான். நனைந்த முடி இழுத்தால் நீளும், காயும்போது சுருங்கும். ஈரத்தில் இறுக்கிச் சுற்றிய சரம் காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வளைந்துவிடும்.

கம்பி 40 சென்டிமீட்டர் வெட்டி நடுவில் மடியுங்கள். மடிப்புக்குள் இழையின் அடிப்பக்கத்தை 1 சென்டிமீட்டர் உள்ளே விட்டு, கம்பியை நாலு முறுக்கு முறுக்கினால் முடி பிடிபட்டுவிடும். இந்த முறுக்கின் வால் பிறகு இதழின் காம்பாகும், 5 சென்டிமீட்டர் விடுங்கள். இப்போது 3 மில்லிமீட்டர் ஊசியைக் கிடைமட்டமாகப் பிடித்து, பிரிந்து நிற்கும் இரு கம்பிகளையும் ஊசிக்கு அடியில் அதன் நீளவாக்கில் வையுங்கள். முடி இழையை முன்பக்கமிருந்து ஊசிக்கு மேலே கொண்டுபோய், பின்பக்கம் இறக்கி, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே முன்னால் கொண்டுவாருங்கள். உடனே கம்பியை ஒரு முழு முறுக்கு. ஒரு கண்ணி பூட்டியாயிற்று. மறுபடி மேலே, பின்னே, நடுவே, முறுக்கு.

முறுக்கு எப்போதும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒருமுறை வலம், ஒருமுறை இடம் என்று போனால் முந்தைய பூட்டு அவிழ்ந்து, ஊசியிலிருந்து கழற்றியதும் கண்ணிகள் ஒன்றுக்கொன்று இழுபட்டுக் குலையும். ஒரு கண்ணிக்கு ஒரு முறுக்குக்கு மேல் போடவும் கூடாது. அதிகம் முறுக்கிய கம்பி இறுகி, மடக்கும்போது பட்டென்று முறியும். ஒவ்வொரு பத்துக் கண்ணிக்கும் நகத்தால் ஊசியில் மெல்லத் தள்ளி நெருக்குங்கள். இடைவெளி தெரிந்தால் இதழில் ஓட்டை தெரியும்.

3 மில்லிமீட்டர் ஊசியில் ஒரு கண்ணி ஏறத்தாழ 1.1 சென்டிமீட்டர் முடியை எடுத்துக்கொள்ளும். 30 சென்டிமீட்டர் இழையில் 25 கண்ணி, அதாவது சுமார் 2.5 சென்டிமீட்டர் சரம் கிடைக்கும். ஒரு நடுத்தர இதழுக்கு 7 சென்டிமீட்டர் சரம் வேண்டும், மூன்று இழை. ஐந்து இதழ்ப் பூவுக்கு 15 இழை, மொத்தம் 300 முடி. கட்டிப் பார்த்தால் ஒரு தீக்குச்சித் தடிமன்தான் வரும். சேதாரத்துக்கு இரட்டிப்பாக எடுத்து வையுங்கள். ஒருவர் தலையில் வெட்டியது தெரியாத அளவுக்கே முடி போதும் என்பது இந்தக் கலையின் பெரிய சௌகரியம்.

இழை தீரும்போது கடைசி 4 சென்டிமீட்டரில் நிறுத்தி, புது இழையின் அடியை அதோடு சேர்த்துப் பிடித்து, மூன்று கண்ணிகளை இரண்டும் சேர்ந்தே சுற்றுங்கள். அந்த மூன்றும் கொஞ்சம் தடிக்கும். அதைத் தவிர்க்க, சேரும் இடத்தில் இரு இழையிலும் பாதி முடியை மட்டும் கொண்டுபோகலாம். முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு கம்பிக்குள் உட்காராது, இதழ் ஓரத்தில் கறுப்புப் புள்ளியாக நிற்கும்.

சுற்றி முடித்ததும் நாலு முறுக்கு போட்டுப் பூட்டி, ஊசியைச் சுழற்றிக்கொண்டே உருவுங்கள். நேராக இழுத்தால் முதல் நாலைந்து கண்ணி கூடவே வரும். தொடக்கத்தில் ஒரு இதழுக்கே அரை மணி நேரம் போகும், கை பழகியபின் குறையும். நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை முடிகளைக் கடைசியில் கத்தரியுங்கள். தீயில் காட்டிப் பொசுக்க வேண்டாம், பக்கத்துக் கண்ணியும் கருகும்.

இதழ், பூ, இலை

சரத்தை நடுவில் மடித்து, இரு காம்பையும் சேர்த்து முறுக்கினால் நீள்வட்ட இதழ். நடு மடிப்பைச் சற்றுக் கிள்ளினால் கூர் இலை. 2 மில்லிமீட்டர் ஊசிச் சரத்தில் ஐந்து சின்ன வட்டங்கள் போட்டு நடுவே ஒரு பாசிமணி வைத்தால் மறக்காதே மலர். ரோஜாவுக்கு 2, 3, 4 மில்லிமீட்டர் ஊசிகளில் மூன்று அடுக்கு செய்து, சிறியதை உள்ளே வைத்துச் சுற்ற வேண்டும். கொடிச்சுருளுக்கு இதழாக மடிக்காமல் சரத்தையே தடித்த ஊசியில் சுருட்டி விட்டால் போதும்.

நரைத்த முடி முரடாக இருக்கும், கண்ணியிலிருந்து துருத்தும். அதற்கு 4 மில்லிமீட்டர் ஊசியும் குறைந்த எண்ணிக்கை முடியும் சரிப்படும். நடுத்தரப் பழுப்புப் பூக்களுக்கிடையே ஒரு நரைப்பூ வைத்தால் வளையம் முழுவதும் வெளிச்சமாகும். பழைய கைவினைஞர்கள் பாட்டி தாத்தாவின் முடியை அந்த இடங்களில் வைத்திருப்பது அழகுக்காகவும்தான்.

ஒரு பூவில் ஒருவர் முடி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்த நிறம் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் அடையாளம் போய்விடும். தம்பதியர் முடியைச் சேர்க்க விரும்பினால் இதழ் ஒருவருடையதும் இலை மற்றவருடையதுமாக ஒரே காம்பில் கட்டலாம். காம்பு முழுக்கப் பட்டு நூலை இறுகச் சுற்றி, கடைசியில் ஒரு துளி பசை.

நீளமில்லாத முடி

குழந்தையின் முடியும் ஆண்களின் குட்டை முடியும் கண்ணிக்கு எட்டாது. 8 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தட்டைவேலைக்கு மாறுங்கள். மெல்லிய டிஷ்யூ தாளில் கோந்து தடவி, முடியை ஒன்றன்பக்கம் ஒன்றாக இடைவெளியின்றிப் படிய வைத்து, மேலே மெழுகுத்தாள் மூடி, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு நாள் வையுங்கள். காய்ந்தபின் இலை வடிவில் வெட்டிப் பின்பக்கம் கம்பிக் காம்பு ஒட்டலாம். கோந்து அதிகமானால் மேலே கசிந்து கண்ணாடிப் பளபளப்பு வரும், முடியின் இயல்பான மினுக்கு மறைந்துவிடும். நம் வீடுகளில் முதல் மொட்டை முடி குலதெய்வத்துக்குப் போய்விடும் என்பதால், அடுத்து வளர்ந்த முடியில் ஒரு சிறு கற்றை எடுத்தால் இதற்குப் போதும்.

வளையமும் பெட்டியும்

தடித்த கம்பியைக் குதிரைலாட வடிவில் வளைத்து, பருத்தி நூலால் சுற்றுங்கள். வழுவழுப்பான கம்பியில் பூக்காம்பு நிற்காமல் சுழலும் என்பதால் நூல் அவசியம். லாடத்தின் வாய் மேலே பார்த்திருக்கும். அண்மையில் இறந்தவரின் பூவை நடுவெளியில் தனியே வைத்து, அடுத்து ஒருவர் இறந்ததும் முன்னதை வளையத்துக்கு நகர்த்துவது சில குடும்பங்களின் வழக்கம். பெரிய பூவை அடிப்பகுதியில் முதலில் கட்டி, அங்கிருந்து இரு கைகளுக்கும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு போங்கள். நுனியிலிருந்து தொடங்கினால் அடியில் காம்புகள் குவிந்து திரளும்.

பின்னணிக்குச் சாயம் போகாத பருத்தி அல்லது பட்டுத் துணி, அதன் பின்னே அமிலமில்லாத அட்டை. பூக்களைப் பசையால் ஒட்டாமல் நூலால் தைத்துவிடுங்கள், பின்னால் ஒரு பூவை எடுத்துச் சரிசெய்ய வேண்டிவரும். கண்ணாடியில் எதுவும் படக் கூடாது. பட்டால் அந்த இடத்தில் ஈரம் தங்கும். ஹேர் ஸ்ப்ரே, வார்னிஷ் எதுவும் மேலே அடிக்காதீர்கள். தூசியைப் பிடித்துவைத்து மஞ்சளாகும்.

பிறகு எண் சீட்டு. ஒவ்வொரு காம்பிலும் சின்ன எண் கட்டி, வளையத்தின் வரைபடம் ஒன்றில் அதே எண்களைப் போட்டு, பெயர்ப் பட்டியலோடு பெட்டியின் பின்பக்கம் உறையில் வையுங்கள். இன்னொரு பிரதி வீட்டு ஆவணங்களோடு இருக்கட்டும். பழங்கால வளையங்கள் சிலவற்றில் இப்படி எண்ணும் பட்டியலும் கிடைத்திருக்கின்றன. அவைதான் இன்றைக்குக் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உண்மையில் உதவுகின்றன.

பழைய வளையம் கைக்கு வந்தால்

முதல் விதி, கழுவாதீர்கள். தண்ணீர் பட்டால் கம்பி துருப்பிடிக்கும், பின்னணித் துணிச் சாயம் இறங்கும். பெட்டியைத் திறப்பதற்குமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், பின்பக்கத் தாளையும் சேர்த்து. பலகைக்கும் தாளுக்கும் இடையில் பெயர்ச்சீட்டு ஒளிந்திருக்கலாம்.

அடியில் மணல்போலத் துகளோ மெல்லிய தோல்கூடோ கிடந்தால் கம்பளி வண்டின் புழு இருக்கிறது. முடி என்பது கெரட்டின் என்ற புரதம், அந்தப் புழுவுக்கும் துணி அந்துப்பூச்சியின் புழுவுக்கும் அதுதான் தீனி. காற்றுப் புகாத பாலிதீன் பையில் மூடி மைனஸ் 18 முதல் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைப்பது வழக்கமான தீர்வு. எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் ஈரம் வழியும். மெழுகுப் பூ, தந்தம், வண்ணம் தீட்டிய ஓவியம் சேர்ந்திருந்தால் உறைய வைக்கவே கூடாது, அவை வெடித்துவிடும். அதற்குப் பாதுகாப்பு வல்லுநரிடம் போக வேண்டும்.

நேர் வெயில் படும் சுவரும் சமையலறைச் சுவரும் ஆகாது. வெளிச்சம் கறுப்பு முடியையும் செம்பழுப்பாக்கும். 50 லக்ஸ் வெளிச்சம், 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் என்பது அருங்காட்சியகங்கள் இத்தகைய பொருளுக்கு வைக்கும் அளவு.

பழைய வளையம் வாங்குவதற்கு முன் உருப்பெருக்கியில் பாருங்கள். மிகத் தடித்து, விறைத்து, ஒரே சீராக மின்னினால் குதிரைவால் முடியாக இருக்கலாம். அக்காலத்தில் அதுவும் தாராளமாகப் பயன்பட்டது. ஓரிழை எரித்துப் பார்த்துச் செயற்கை நாரை விலக்கலாமே தவிர, மனித முடியையும் குதிரை முடியையும் அதில் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே வாசம். வேலைக்காகக் கொடுத்த முடியைக் கடைக்காரர்கள் மாற்றிவிடுகிறார்கள் என்ற சந்தேகம் அன்றைக்கே இருந்தது. 1867-இல் அமெரிக்காவில் மார்க் கேம்ப்பெல் வெளியிட்ட கைநூல் போன்றவை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மிசௌரி மாநிலம் இன்டிபெண்டன்ஸ் நகரில் லைலா கோஹூன் தொடங்கிய முடி அருங்காட்சியகத்தில் இத்தகைய வளையங்கள் 600-க்கும் மேல் இருந்தன. அது 2025-இல் மூடப்பட்டு, அங்கிருந்தவை மற்ற அருங்காட்சியகங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. ஆகவே அந்தச் சேகரிப்பைப் பார்க்க நினைப்பவர்கள் புறப்படும் முன், எந்த வளையம் எங்கே போனது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.